தெப்ராவ் ஆட்டத்தை நான் கணிக்காத வாரம்

விளையாட்டுப் பக்கத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, காற்பந்துக் கணிப்பு என்றால் ஏதோ சோதிடம் மாதிரி என்று நினைத்துக்கொண்டு யாராவது வந்திருந்தால் இப்போதே ராசிபலன் பக்கத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். அங்கே தப்பாகச் சொன்னால் யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். இங்கே வெள்ளிக்கிழமை எழுதினால் ஞாயிற்றுக்கிழமை சந்தையில் மீன் வாங்கும்போதே கேட்பார்கள். "கோல் அக்கா, என்ன இப்படிக் கவுத்துட்டீங்க?" என்று மீன்காரர் இறாலைக் குறைத்துப் போடுவார். எனக்கு நடந்திருக்கிறது.

நம் பத்திரிகையின் ஜொகூர் அலுவலகத்தில் நான் வேலை பார்த்த காலம் முழுக்க வாரம் தவறாமல் செய்த வேலை ஒன்றுதான். அந்த வாரத்து லீக் ஆட்டங்களில் எந்த அணி ஜெயிக்கும் என்று வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் எழுதுவது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஓர் அணியின் பெயர், கீழே காரணம் நான்கு வரி. பெண்பிள்ளைக்குக் காற்பந்து என்ன தெரியும் என்று ஆரம்பத்தில் கேட்டவர்கள் பிற்காலத்தில் என் கட்டத்தைப் பார்க்காமல் பந்தயப் பேச்சுக்கே போகமாட்டார்கள். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால், ஆமாம், பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

நான் எப்படிக் கணித்தேன் என்று எல்லாரும் கேட்பார்கள். புள்ளிப்பட்டியலும் கோல் வித்தியாசமும் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். என்னுடைய தனி வழி ஆயர் ஈத்தாம் என்கிற ஊர். வடக்கிலிருந்து ஜொகூருக்கு விளையாட வரும் அணிகளின் பஸ் பெரும்பாலும் அங்கே நிற்கும். அங்கே பீங்கான் சாமான் கடைகளுக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக்கடையில் நான் போய் உட்கார்ந்துகொள்வேன். ஆட்டக்காரர்கள் இறங்கிவந்து ஒரே மேசையைச் சுற்றி நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டால் ஒரு மாதிரி. ஆளுக்கு ஒரு மூலையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டால் வேறு மாதிரி. பயிற்சியாளர் பஸ்ஸைவிட்டு இறங்காமலே சோற்றைத் தாப்பாவ், அதாவது பொட்டலமாக, வாங்கிவரச் சொன்னால் அந்த அணி தோற்கப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவேன். அவர்களுக்கும் என்னைத் தெரியும். "அக்கா மறுபடியும் வந்துட்டாங்கடா" என்று கையசைத்துவிட்டு, வேண்டுமென்றே ஒருவர் தோள்மேல் ஒருவர் கை போட்டுக்கொண்டு வருவார்கள். நடிப்புக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு? துருவிய ஐஸில் பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங் வந்ததும் நடிப்பு முடிந்துவிடும்.

இதை இவ்வளவு விளக்கமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் வேவு பார்த்தே பிழைத்தவள். ஆனால் ஒரு வாரம், என் வேலையே போகும் நிலையில், கண்ணெதிரே கண்டதை எழுதாமல் விட்டேன். அந்த வாரத்தைப் பற்றித்தான் உங்களிடம் சொல்லவேண்டும்.

அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் நம் ஆசிரியர் ஒரு புதுமை செய்தார். அவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். செட்டிநாட்டுப் பூர்வீகம், வியாபாரக் குடும்பம், எதிலும் ஒரு போட்டி வைத்தால்தான் பத்திரிகை விற்கும் என்று நம்புகிறவர். சிங்கப்பூரிலிருந்து ஒரு கணினிச் செயலியை வரவழைத்தார். பழைய ஆட்டங்களின் விவரமெல்லாம் அதற்குள் இருக்கும், பொத்தானைத் தட்டினால் யார் ஜெயிப்பார் என்று சொல்லும். என் கட்டத்துக்குப் பக்கத்தில் அதன் கட்டம். பருவம் முடியும்போது யார் அதிகம் சரியாகச் சொன்னார்களோ அவர்களுக்குப் பக்கம். நான் பின்தங்கினால் என் பகுதி நிறுத்தப்படும். சமமாக வந்தால் இருவரும் தொடரலாம். கட்டத்தைக் காலியாக விட்டால் தப்பு என்றே கணக்கு.

"அக்கா, மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க லா. வாசகருக்கு ஒரு சுவாரஸ்யம்" என்றார்.

"எனக்கென்ன பாஸ் பயம்? அது ஆயர் ஈத்தாமுக்குப் போய் ஐஸ் கச்சாங் சாப்பிடுமா?" என்றேன்.

சாப்பிடாமலே அது நன்றாகத்தான் சொன்னது. பருவம் முழுக்க நானும் அதுவும் முட்டி மோதிக்கொண்டோம். கடைசி வாரத்துக்கு வரும்போது இருவரும் சமம்.

அந்த வாரத்தின் பெரிய ஆட்டம் தெப்ராவ் அணிக்கும் பேராக்கிலிருந்து வரும் ஓர் அணிக்கும். பேராக் அணியின் பெயர் வேண்டாம், அவர்களில் சிலர் பழைய கணிப்புகளுக்காக இன்னும் என்மேல் கோபமாக இருக்கிறார்கள். தெப்ராவ் ஜெயித்தால் மேல்பிரிவில் நீடிக்கும், இல்லாவிட்டால் கீழே இறங்கும். அதன் கோல் கீப்பர் திவாகரன். எங்கள் அடுக்குமாடியில் எனக்குப் பக்கத்து வீட்டுப் பையன். அவன் அம்மா செல்வியின் குடும்பமும் என் குடும்பமும் ஒரே தோட்டத்தில் வேலை பார்த்து நகரத்துக்கு வந்தவை. அந்தப் பருவத்தில் தெப்ராவ் பிழைத்துக்கிடந்ததே திவாவின் கையால்தான். கணினியும் தெப்ராவ் என்றது, நானும் தெப்ராவ் என்றே நினைத்திருந்தேன். மற்ற ஆட்டங்களிலும் நாங்கள் இருவரும் ஒரே அணிகளைத்தான் சொல்லப்போகிறோம் என்பது தெரிந்திருந்தது. ஆகவே சமமாக முடியும், என் பகுதி பிழைக்கும் என்று நிம்மதியாக இருந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை செல்வி என்னைத் தங்காக்குக்குக் கூப்பிட்டாள். திவாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. முகூர்த்தப் புடவை எடுக்கத் தங்காக் துணிக்கடைகளுக்குப் போவது எங்கள் பக்கம் வழக்கம். "நீ இல்லாம நான் கலர் பாக்க மாட்டேன்" என்றாள். திவாவுக்கு அன்று பயிற்சி இல்லை, அவன்தான் காரை ஓட்டினான்.

கடையில் புடவைகளை விரித்துப் போட்டு நானும் செல்வியும் சண்டை போட்டோம். அவளுக்கு மாம்பழ மஞ்சள், எனக்கு அரக்கு. கடைசியில் அவளே ஜெயித்தாள். கடைக்காரப் பையன்களில் ஒருவன் திவாவை அடையாளம் கண்டுகொண்டான். கட்டி முடித்த புடவைப் பொட்டலத்தை மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "கீப்பர் அண்ணே, பிடிங்க!" என்று தூக்கிப் போட்டான்.

திவா வலது கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். பொட்டலம் அவன் நெஞ்சில் இடித்து, இடது கையில் தட்டுத்தடுமாறி நின்றது. கடைக்காரப் பையன் சிரித்தான். செல்வி விலைச்சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திவாவின் முகத்தைப் பார்த்தேன். அது வெளிறிப்போயிருந்தது.

என்ன வந்தாலும் பிடிக்கப் பாய்கிற கை அது. அந்தக் கை ஒரு புடவைக்குப் பயந்து பின்வாங்கியதைப் பார்த்ததும் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. செல்வி பணம் கட்டப் போனபோது அவனைக் கார் பக்கம் அழைத்துப் போனேன்.

"கை எப்பலேருந்துடா இப்படி?"

"என்ன கை அக்கா? ஒண்ணும் இல்லயே."

"உன் கைய பாத்து பாத்துத்தான் நான் சோறு சாப்பிடறேன். என்கிட்டயா?"

சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு சொன்னான். பயிற்சியில் பந்தைத் தட்டப் பாய்ந்தபோது மணிக்கட்டு கோல் கம்பத்தில் மோதியிருக்கிறது. பந்தை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. யாருக்கும் தெரியாது, அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

"டாக்டர்கிட்ட போனா கிளப்புக்குத் தெரிஞ்சிரும் அக்கா. சனிக்கிழமை ஆடினாத்தான் அடுத்த வருஷ ஒப்பந்தம். கல்யாணம் வேற வருது. தயவு செஞ்சு எழுதிறாதீங்க. பேராக் பையனுங்களும் உங்க பக்கத்த படிக்கிறாங்க. தெரிஞ்சா எல்லா பந்தையும் இந்தக் கைக்கே அடிப்பானுங்க."

"எழுத மாட்டேன். ஆனா கோச்கிட்ட நீ சொல்லணும்."

"சொன்னா உக்கார வச்சிருவாரு."

"உக்காந்தா உக்காரு. கை போச்சுன்னா?"

"அலமாக், எவ்வளவு லேசா சொல்றீங்க. ஆட்டம் முடிஞ்சதும் சொல்லிடறேன். சத்தியமா."

அதற்குள் செல்வி வந்துவிட்டாள். வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். மண்டபம், மேளம், மோர்க்குழம்பு வைப்பதா வேண்டாமா. நடுவில் என் தொடையில் தட்டி, "சனிக்கிழமை எங்க பிள்ளைங்கதானே ஜெயிப்பாங்க? உனக்குத் தெரியாததா?" என்றாள். நான் சன்னலுக்கு வெளியே செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டு, "மோர்க்குழம்பு வேணாம்" என்றேன். காரை ஓட்டிக்கொண்டிருந்தவன் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தான்.

உங்களுக்கு இப்போது என் நிலைமை புரியவேண்டும். திவாவின் கை பாதி என்றால் தெப்ராவ் தோற்கும் என்றுதான் என் புத்தி சொன்னது. கணினிக்கு அது தெரியாது, உலகத்தில் யாருக்குமே தெரியாது. 'பேராக்' என்று கட்டத்தில் எழுதினால் நான் கணினியை முந்திவிடுவேன், பகுதி எனக்கே நிலைக்கும். காரணத்தில் மணிக்கட்டைப் பற்றி எழுதாமல் வேறு ஏதாவது எழுதலாம்தான். ஆனால் பருவம் முழுக்கத் தெப்ராவைத் தூக்கிப் பிடித்தவள், அதுவும் அவர்கள் கீப்பரின் பக்கத்து வீட்டுக்காரி, கடைசி வாரத்தில் திடீரென்று மாறினால் பேராக் பயிற்சியாளருக்கு மூக்கில் வேர்க்காதா? அந்தப் பையன் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப்போன இடத்தில் பிடித்த துப்பை வைத்து அவன் சோற்றில் மண்ணைப் போட்டவள் ஆவேன்.

'தெப்ராவ்' என்று எழுதினால்? எனக்கு ஆபத்தே இல்லை. கணினியும் அதையேதான் சொல்கிறது. ஜெயித்தாலும் தோற்றாலும் சமம், பகுதி பிழைக்கும். ஆனால் நான் அதை நம்பவில்லையே. நம்பாத பெயரை எழுதிக் கீழே என் பெயரைப் போட எனக்குக் கை வரவில்லை. தப்பாகக் கணித்து எத்தனையோ முறை திட்டு வாங்கியிருக்கிறேன், வாசகரிடம் பொய் சொல்லித் திட்டு வாங்கியதில்லை.

இந்தக் கதையை முன்பே கேட்ட ஒரு தங்கை என்னிடம் கேட்டாள், "ஆயர் ஈத்தாம் கடையும் பொது இடம், துணிக்கடையும் பொது இடம், என்ன வித்தியாசம் அக்கா?" என்று. நல்ல கேள்வி. ஆயர் ஈத்தாமில் நான் கணிப்புக்காரியாக உட்கார்ந்திருந்தேன், அது பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஒவ்வொருவனுக்கும் தெரியும். தங்காக்கில் என்னைக் கலர் பார்க்கக் கூட்டிப்போனார்கள். மனிதர்கள் உங்களை எந்த வாசல் வழியாக உள்ளே விட்டார்களோ அந்த வாசல் வழியாகத்தான் நீங்கள் திரும்பி வரவேண்டும். நான் அப்படித்தான் வேலை பார்த்தேன்.

வியாழக்கிழமை காலை ஆசிரியர் அறைக்குப் போனேன்.

"பாஸ், தெப்ராவ் ஆட்டத்துக்கு என் கட்டம் காலி."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வெளையாடாதீங்க அக்கா. காலின்னா தப்புக் கணக்கு."

"தெரியும்."

"கணினி தெப்ராவ்னு சொல்லியிருக்கு. தெப்ராவ் ஜெயிச்சா உங்க பகுதி போயிரும்."

"அதுவும் தெரியும்."

"என்ன காரணம்னு போடறது?"

நான் எழுதி வைத்திருந்ததைக் கொடுத்தேன். 'தெப்ராவ் கோல் கீப்பர் வீட்டுக் கல்யாணத்தில் நான் பெண் வீட்டாருக்கு எதிரே மாப்பிள்ளை வீட்டுப் பாயில் உட்காரப் போகிறவள். அதனால் இந்த ஓர் ஆட்டத்தை நான் கணிக்கவில்லை.' அவ்வளவுதான்.

ஆசிரியர் சிரித்தார். "ஜொகூர்ல பாதிப் பேரு அந்தக் கல்யாணத்துக்குப் போறாங்க. எனக்கும் அழைப்பு வந்திருக்கு."

"அப்ப நீங்களும் கணிக்காதீங்க."

சிரிப்பு நின்றது. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். "அக்கா, உங்களுக்கு ஏதோ தெரியும். அந்த மெஷினுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியணும்னுதானே லா நான் இந்தப் போட்டியே வச்சேன்? அத எழுதுங்க. பேப்பர் பறக்கும்."

தெரியும் என்று சொன்னாலே பாதியைச் சொன்ன மாதிரி. தெரியாது என்றால் பொய். "கலர் பாக்கத் தெரியும் பாஸ். மாம்பழ மஞ்சள் எடுத்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பகுதி எனக்குச் சம்பளத்தைவிடப் பெரிது. இருந்தாலும் செய்தது சரியா என்ற சந்தேகம் மட்டும் ஒரு நிமிஷம்கூட வரவில்லை.

வெள்ளிக்கிழமை பக்கம் வந்தது. கைப்பேசி ஓயவில்லை. "கோல் அக்கா கல்யாண வீட்டு அக்கா ஆயிட்டாங்க" என்று ஒரு வாசகர் கிண்டல் செய்தார். கணினிக்குப் பயந்து ஓடிவிட்டேன் என்று இன்னொருவர். எல்லாவற்றையும் சிரித்தபடி கேட்டுக்கொண்டேன். திவாவிடமிருந்து மட்டும் சத்தமே இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் திடலுக்குப் போனேன். அணிகள் வரிசையாக வந்தபோது கோல் கீப்பர் சட்டையில் வேறொருவன். திவா மாற்று ஆட்டக்காரர்கள் பெஞ்சில் இருந்தான், மணிக்கட்டில் கட்டு. பக்கத்தில் செல்வி "ஐயோ, என் பிள்ளைக்கு என்னாச்சு?" என்று எழுந்தே விட்டாள். அவளைப் பிடித்து உட்காரவைத்தேன்.

மாற்று கீப்பர் மூவார் பக்கத்துக் கிராமத்துப் பையன், பெரிய ஆட்டம் ஆடியதே இல்லை. போச்சு, தெப்ராவ் கீழே இறங்கிவிட்டது என்று நான் முடிவே செய்துவிட்டேன். பேராக் ஆட்களோ பருவம் முழுக்கத் திவா நிற்கிற விதத்தையே படித்து வைத்திருந்தவர்கள். திவா எப்போதும் முன்னால் ஏறி நிற்பான், அவன் தலைக்குமேல் தூக்கிப் போடுவதுதான் அவர்கள் திட்டம். இந்தப் பையனோ பயத்தில் கோல் கோட்டை விட்டு நகரவே இல்லை. தூக்கிப் போட்ட பந்தெல்லாம் மடியில் வந்து விழுந்த மாதிரி அவன் கைக்கே போனது. தெப்ராவ் ஒரு கோல் போட்டது. அதோடு ஆட்டம் முடிந்தது.

தெப்ராவ் ஜெயித்தது. கணினி சரி. என் கட்டம் தப்புக் கணக்கு. கையில் வைத்திருந்த ரகசியத்தை நம்பிப் 'பேராக்' என்று எழுதியிருந்தாலும் நான் தோற்றுத்தான் இருப்பேன். அந்த நினைப்பு வந்ததும் கூட்டத்துக்கு நடுவில் தனியாகச் சிரித்தேன். செல்வி, "பகுதி போச்சுன்னு சிரிக்கிறியா, பைத்தியமே" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

திங்கட்கிழமை ஆசிரியருக்கு முகம் தொங்கிப்போயிருந்தது. விதியை மாற்றி எழுதிவிடலாமா என்று அவரே கேட்டார். நான் வேண்டாம் என்றேன். போட்டி என்று வாசகருக்குச் சொன்னோம், முடிவையும் அப்படியே சொல்லவேண்டும். ஓய்வு பெறும் வயதும் வந்துவிட்டது, போகிறேன் என்றேன். வருத்தம் இல்லாமல் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் அந்தப் பக்கத்தைத் திறந்து என் கட்டம் இல்லாததைப் பார்த்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைத்தேன். அப்புறம் தோசை ஊற்றப் போய்விட்டேன்.

கல்யாணத்தில் திவா மேடையிலிருந்து இறங்கி, நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கே வந்தான். வலது கையில் கட்டு இருந்ததால் ஐயர் காப்பை அதற்குமேலேயே கட்டியிருந்தார். குனிந்து என் காதோரம் பேசினான்.

"வெள்ளிக்கிழமை காலைல உங்க பக்கத்த பிரிக்கிறதுக்கு முன்னாடி பையில ஊசி மருந்து வச்சிருந்தேன் அக்கா. வலி தெரியாம ஆடறதுக்கு. நீங்க பேராக்னு போட்டிருந்தா உங்கள பொய்யாக்கணும்னு குத்திக்கிட்டு இறங்கியிருப்பேன். தெப்ராவ்னு போட்டிருந்தா, அக்காவே நம்பறாங்கன்னு குத்திக்கிட்டு இறங்கியிருப்பேன். காலியா இருந்திச்சு. என் கைக்காக உங்க பகுதியையே விட்டுட்டீங்கன்னு புரிஞ்சிச்சு. பாத்துட்டு நேரா கோச் வீட்டுக்குப் போயிட்டேன். டாக்டர் சொன்னாரு, அன்னிக்கு ஆடியிருந்தா கை அவ்வளவுதானாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாம்பழ மஞ்சளில் நின்றிருந்த மணப்பெண் என்ன ஏது என்று தெரியாமல் தன் கைக்குட்டையைக் கொடுத்தாள். ஒப்பந்தம் என்னவாயிற்று என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டேன். "கை சரியானதும் பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க" என்றான்.

அடுத்த பருவத்தின் பாதியில் கை சரியாகி, ஒப்பந்தமும் கிடைத்து, அவன் மறுபடியும் களமிறங்கினான். நான் டிக்கெட் எடுத்துச் சாதாரண இருக்கையில் போய் உட்கார்ந்தேன். முதல் பந்து அவன் வலது பக்கம் பாய்ந்து வந்தது. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தான். நான் போட்ட கூச்சலில் முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்து, என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"கோல் அக்காதானே? இன்னிக்கு யாரு ஜெயிப்பாங்க, சொல்லுங்க!"

"இருங்க லா," என்றேன், "பாத்துட்டுச் சொல்றேன்."